கால் வைத்த பிறகுதான் கணக்கு

மைசூர். சய்யாஜி ராவ் ரோடு, தேவராஜ மார்க்கெட் பக்கம். ஜீப்ரா கிராசிங். கடைகள் திறந்து முடித்த நேரம்.

வெள்ளைக் கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அழியவில்லை. சக்கரம் ஓடும் தடத்தில் தார் தெரிகிறது. இரண்டு தடத்துக்கும் நடுவில் பெயின்ட் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

காலடி பட்டு அழிந்த கோடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

*

அளக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஒருவர் சாலையைக் கடக்க நிற்கிறார். வண்டி வருகிறது. ஓட்டுகிறவர் வழிவிடுகிறாரா, இல்லையா.

நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன். நின்றார். நிற்கவில்லை.

*

இதை அளக்க ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ரான் வான் ஹூட்டன் என்கிற உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக இதே வேலையாக இருந்தவர். அவருடைய குழுவில் ஒருவர் சாலையைக் கடப்பார். ஒரு காலைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, வருகிற ஓட்டுநரைப் பார்ப்பார். இன்னொருவர் ஓரமாக நின்று எழுதுவார். சில சமயம் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கால் வைக்கிற நொடியில் வண்டி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட வண்டியால் நிற்க முடியாது. அதைத் தப்பு என்று எழுதக்கூடாது.

மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தத் தூரம் 141 அடி. ஏறக்குறைய 43 மீட்டர். சிக்னலில் மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கணக்குப் போடுகிற அதே சூத்திரம்தான். சாலையோரத்தில் அந்தத் தூரத்துக்கு ஓர் அடையாளம் வைத்துவிடுகிறார்கள். அதற்கு அப்பால் இருந்த வண்டி நின்றிருக்க வேண்டும். இப்பால் வந்துவிட்ட வண்டி நிற்காவிட்டால் கணக்கில் சேராது.

ஓட்டுகிறவருக்கும் நியாயம் செய்கிற அளவுகோல்.

*

43 மீட்டர். மார்க்கெட் வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். அதற்குள் ஸ்கூட்டர்கள், ஆட்டோக்கள், ஒரு சிட்டி பஸ், வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி, சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்த ஒரு குதிரை வண்டி.

'வருகிற வண்டி' என்று ஒன்றை மட்டும் எப்படிச் சுட்டுவது.

*

கட்டத்தில் அடங்காதவை:

ஸ்கூட்டர் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, நடந்துகொண்டிருந்தவரின் முதுகுப் பக்கமாக வளைந்து போனது. நடந்தவரும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

ஆட்டோ நின்றது. சவாரி ஏற்ற.

பஸ் நின்றது. முன்னால் கார் நின்றதால்.

கார் நின்றது. எதிரே நின்ற அம்மா நகரவில்லை. ஓட்டுகிறவர் கையை அசைத்தார், வாங்க என்று. அம்மா கையை அசைத்தார், நீங்க போங்க என்று. கார் போய்விட்டது. வழிவிட்டவர்கள் இரண்டு பேர். கடந்தவர் யாருமில்லை.

*

நோட்டைக் கையில் பிடித்திருந்தால் ஹெல்மெட் போடாதவர்கள் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிறார்கள். போலீஸ் ஆள் என்ற நினைப்பு.

நோட்டு பைக்குள் போனது. எண்ணுவதற்குச் சட்டைப் பையில் புளியங்கொட்டை. வலது பையிலிருந்து இடது பைக்கு ஒவ்வொன்றாக.

*

2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. சிக்னலோ போலீஸோ இல்லாத கடவையை நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். நின்று, நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் இருந்தால் கோட்டின் மேல் ஏறி நிற்கக்கூடாது.

நிற்காதது சட்டம் இல்லாததால் அல்ல.

*

ஜப்பானில் கார் வைத்திருப்பவர்களின் சங்கமே இதை எண்ணுகிறது. ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன். 2016 முதல் ஆண்டுதோறும். சிக்னல் இல்லாத கடவைகள் மட்டும். ஒரு மாகாணத்துக்கு இரண்டு இடம், ஓர் இடத்தில் 50 முறை. சங்கத்தின் ஊழியர்களே கடக்கிறார்கள்.

2018-ல் தேசியச் சராசரி 8.6 சதவீதம்.

2020-ல் 21.3.

2022-ல் 39.8.

2024-ல் 53.

8.6 என்பதை இரண்டு தடவை படித்தேன். ரயில் நேரம் தவறாத நாடு.

அதே 2018-ல் தோச்சிகி மாகாணம்: 0.9. நாகானோ மாகாணம்: 58.6. ஒரே நாடு. ஒரே சட்டம். ஒரே விதமான லைசென்ஸ்.

நாகானோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் சொல்கிற ஒரு விவரம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்ததும் திரும்பி நின்று, வண்டியை நிறுத்தியவருக்குக் குனிந்து வணக்கம் வைப்பார்கள். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து வண்டி ஓட்டுகிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் எண்ணை வெளியே சொன்னார்கள். எந்த மாகாணம் கடைசி என்றும் பெயரோடு சொன்னார்கள்.

*

ஜப்பானியப் போக்குவரத்துக் கையேட்டில் 'கையை உயர்த்திக் கடக்கவும்' என்று முன்பு இருந்தது. 1978-ல் எடுத்துவிட்டார்கள். 2021-ல் திரும்பச் சேர்த்தார்கள்.

இடையில் 43 ஆண்டு.

*

சய்யாஜி ராவ் ரோட்டில் கை.

உள்ளங்கை வண்டியைப் பார்த்து, முழங்கை மடங்காமல், டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி. பெரும்பாலும் ஆண்கள்.

விரல்கள் கீழ்நோக்கி, மணிக்கட்டு மட்டும் அசைய. கொஞ்சம் பொறுங்க. பெண்கள்.

மார்க்கெட் பையைத் தூக்கிய கை. கூடவே முருங்கைக்காயும் எழும்புகிறது. ஓட்டுநர் முதலில் பார்ப்பது கையையா, முருங்கைக்காயையா என்று சொல்ல முடியவில்லை. நிற்கிறார்.

செல்போன் உள்ள கை. அதை உயர்த்துவதில்லை.

குழந்தையைத் தூக்கி வருகிறவருக்குக் காட்டக் கை இல்லை. கண் மட்டும்தான்.

சீனாவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, கையால் சைகை காட்டினால் வழிவிடுவோர் கூடுகிறார்கள் என்கிறது. வான் ஹூட்டன் முறையில் கடக்கிறவர் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது.

இங்கே ஒரே விதமாக இறங்கிய இரண்டு பேரை நான் இன்னும் பார்க்கவில்லை.

*

மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். ஒரு கருத்தரங்குக்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். மாலையில் மார்க்கெட் பார்க்கக் கூட்டிப் போனேன்.

ஜீப்ராவைக் கண்டதும் பேச்சை நிறுத்தாமலே இறங்கிவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் முகத்துக்கு முன்னால் போயிற்று.

"கடவையெல்லோ இது?"

"ஆமாம்."

"எங்கட பக்கம் கடவையில கால் வைச்சா வாகனம் நிக்கும், அண்ணா."

மறுநாள் அவரே கோட்டை விட்டுத் தள்ளி, வேறொரு இடத்தில் கடந்ததைப் பார்த்தேன். கோடு இல்லாத இடத்தில் தனக்குக் கவனம் கூடுதலாக இருக்கும் என்றார்.

*

1972-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சான் டியேகோவில் புரூஸ் ஹெர்ம்ஸ் என்பவர் 400 சந்திப்புகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கோடு, எதிர்ப்பக்கம் கோடு இல்லை. கடந்தவர்களின் எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகும், கோடு போட்ட பக்கத்தில் விபத்து ஏறக்குறைய இரட்டிப்பு.

அதைக் காட்டிப் பல ஊர்களில் கோட்டையே அழித்தார்கள்.

பிறகு சார்லஸ் ஜீகர் குழு. அமெரிக்காவின் 30 நகரங்கள். கோடுள்ள 1,000 இடம், கோடில்லாத 1,000 இடம். இரண்டு தடச் சாலையில் வித்தியாசம் இல்லை. பல தடங்கள், நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல் ஓடும் சாலையில், வேறெந்த ஏற்பாடும் இல்லாமல் கோடு மட்டும் போட்டால்தான் ஆபத்து கூடுகிறது.

வேறெந்த ஏற்பாடும் இல்லாமல் கோடு மட்டும்.

மைசூரில் பல சாலைச் சந்திப்புகளில் வெள்ளை பெயின்ட் உண்டு.

*

முதல் வண்டி நிற்கிறது. நடப்பவர் அதை நம்பி அடுத்த அடி வைக்கிறார். நின்ற வண்டி மறைத்திருப்பதால் பக்கத்துத் தடத்தில் வருவது தெரியாது. அந்த வண்டிக்கும் இவர் தெரியமாட்டார்.

பொறியாளர்கள் இதைத் தனி வகை விபத்தாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வழிவிட்டவர் இருந்ததால் நேர்ந்த விபத்து.

அதற்கான மாற்றும் எளிது. நிறுத்தக் கோட்டைக் கடவையை ஒட்டிப் போடாமல் 6 முதல் 15 மீட்டர் பின்னால் போடுவது. நின்ற வண்டிக்கும் கடவைக்கும் நடுவில் பார்வைக்கு இடம் கிடைக்கும்.

ஜே.எல்.பி. ரோட்டில் பஸ்ஸின் மூக்கு கோட்டுக்கு மேல். பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டர் வந்தது ஒரு ஜோடிச் செருப்புக்கு முன்னால்தான் தெரிந்தது. செருப்புக்காரர் பின்னால் சாய்ந்து நின்றுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை எங்கேயும் பதிவதில்லை.

*

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90.

2014-ல் அந்த எண் 12,330.

*

இந்திய ஆய்வுகள் வேறொன்றையும் அளக்கின்றன. ஓட்டுநர் நிற்கிறாரா என்பதை அல்ல. இரண்டு வண்டிக்கு நடுவில் எத்தனை நொடி இடைவெளி இருந்தால் நம் ஆள் இறங்குகிறார் என்பதை.

அதிலும் ஒரு நுட்பம். முழுச் சாலைக்கும் இடைவெளி கிடைக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒரு ஸ்கூட்டர் போனதும் ஒரு அடி. ஆட்டோ போனதும் இரண்டு அடி. நடுச்சாலையில் நின்று, பின்னால் ஒன்று போக விட்டு, மறுபடி ஒரு அடி. உருண்டு போகிற இடைவெளி என்கிறார்கள். ஹைதராபாத், மும்பை, கோல்ஹாப்பூர் என்று பல ஊரிலும் எழுதியிருக்கிறார்கள்.

யாரும் நிற்கமாட்டார்கள் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்ட ஓர் அளவு.

*

கடவைக்கு விளக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு சூத்திரம் உண்டு. பிரிட்டனில் பிறந்தது, இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டியிலும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கடக்கிறவர்கள் எத்தனை பேர். ஒரு மணி நேரத்தில் ஓடும் வண்டி எத்தனை. முதல் எண்ணை இரண்டாவதின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்.

வண்டி கூடக் கூடக் கடப்பது பல மடங்கு கஷ்டம். அதனால் வர்க்கம். கணக்கு சரி.

ஆனால் முதல் எண் கடந்தவர்களின் எண்.

வண்டி அதிகமாகிக் கடக்கிறவர்கள் குறைந்தால் அந்த முதல் எண்ணும் சுருங்கும்.

*

மார்க்கெட்டுக்கு எதிர்ப்புறம் பூக்கூடை வைத்திருக்கும் அக்கா. வீட்டில் தமிழ். அப்பா காலத்திலேயே சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

"என்னண்ணா எண்றீங்க, தினமும் வந்து?"

சொன்னேன்.

"யாரு நிக்கிறாங்கன்னா? இந்தப் பக்கம் வரலாம்னு அங்க வந்து நின்னுட்டு, பாத்துப் பாத்துத் திரும்பிப் போறவங்கள எண்ணுங்க. எனக்கு அவங்கதானே யாவாரம்."

அதன்பிறகு எதிர்ச்சாரியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

*

எதிர்ச்சாரியில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் மடித்த மஞ்சள் பை. கோட்டின் ஓரத்தில் வந்து நின்றார். வலது பக்கம் பார்த்தார். செருப்பின் நுனி தார் மேல், குதிகால் நடைபாதைக் கல்லின் மேல். ஒரு தடவை உடம்பு முன்னால் சாய்ந்தது. பின்னால் வந்தது. பையை மறு கைக்கு மாற்றினார். ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைத்த மாதிரி இருந்தது, குறைக்கவில்லை. இன்னொரு தடவை சாய்ந்தார்.

பிறகு மெல்லத் திரும்பி, வந்த வழியே நடந்தார்.

எந்த வண்டியும் அவருக்கு நிற்க மறுக்கவில்லை. அவர் கால் வைக்கவே இல்லை.

புளியங்கொட்டை அதே பையில் இருந்தது.

*

பிரிட்டனில் 2022 ஜனவரியில் போக்குவரத்துக் கையேட்டை மாற்றினார்கள். ஜீப்ராவில் கால் வைத்துவிட்டவருக்கு வழிவிட்டே தீர வேண்டும். அது பழைய விதி. கால் வைக்காமல் ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும். இது புதிது.

ஜீப்ரா அங்கே சட்டமானது 1951-ல். காத்து நிற்பவரைப் பார்க்க 71 ஆண்டு.

*

சாலை வடிவமைப்பவர்கள் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 7 மீட்டர் சாலைக்கு ஏறக்குறைய 6 நொடி.

அக்ரஹாரம் பக்கம் ஓர் அஜ்ஜி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார். நடுவில் நின்று புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பையன் பைக்கை நிறுத்தி, காலை ஊன்றி, "நிதானவாகி ஹோகி அஜ்ஜி" என்றான், மெதுவாகப் போங்க பாட்டி என்று. பின்னால் ஹாரன்கள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நின்றார் கட்டத்தில் ஒரு கோடு. அந்தப் பையன் அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கமாட்டான்.

சிங்கப்பூரில் 2009-லிருந்து முதியவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நொடிகள் நிற்பான். மெதுவாக நடப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

*

ஹாரன்.

மானசகங்கோத்ரியிலேயே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். 1965-ல் தொடங்கியது. காது கேளாத சின்னப் பிள்ளைகளோடு அம்மாக்களும் கூடவே வருகிறார்கள். அம்மாவுக்கும் பயிற்சி. தமிழ்நாட்டிலிருந்தும் வந்து வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் உண்டு.

சாலை ஓரத்தில் ஓர் அம்மா, பையனின் விரலைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பையன் காதில் கருவி. கார் ஹாரன் அடித்தது. அம்மா திடுக்கிட்டார். பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ வருகிறது என்று தெரிந்துகொண்டான்.

ஹாரன் அடித்தாச்சு, ஒதுங்குவது அவர்கள் பாடு. இந்த ஏற்பாடு எல்லாருக்கும் காது கேட்கும் என்று நம்பி ஓடுகிறது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு எஞ்சின் சத்தமும் இல்லை.

*

போர்ட்லேண்ட், அமெரிக்கா, 2015. ஒரே மாதிரி உடை உடுத்திய ஆண்கள், ஒரே கடவை. கறுப்பினத்தவருக்கு நிற்காமல் கடந்த கார்கள் வெள்ளையருக்கு நிற்காதவற்றைப் போல இரண்டு மடங்கு. காத்திருந்த நேரம் 32 சதவீதம் கூடுதல்.

விடிகாலை, இர்வின் ரோடு. குப்பை வண்டி தள்ளும் பௌரகார்மிகப் பெண்கள் இரண்டு பேர். பச்சைச் சட்டை. அவ்வளவாக வண்டிகள் இல்லாத நேரம். வந்தவை எல்லாம் போய் முடிக்கும்வரை நின்றார்கள். கை காட்டவில்லை. கை காட்ட நினைத்த மாதிரியும் இல்லை.

*

பள்ளி விடுகிற நேரம். சீருடைக்கு நிற்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அவ்வளவாக இல்லை. கூட்டமாக வந்தால் நிற்கிறார்கள்.

மழை. குடை விரித்தவருக்கு வலது பக்கம் தெரியாது. ஓட்டுகிறவரின் ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சமாளிக்கிறார்கள்.

தசரா. யானை ஊர்வலமான ஜம்பு சவாரி அரண்மனையிலிருந்து பன்னிமண்டபத்துக்கு இதே சய்யாஜி ராவ் ரோடு வழியாகத்தான். அதற்குப் பல வாரம் முன்பே யானைகளை இந்த வழியில் நடத்திப் பழக்குகிறார்கள். யானை வருகிறபோது எல்லா வண்டியும் நிற்கிறது. ஹாரன் இல்லை. யானை அவசரப்படுவதில்லை. அதன் வேகம்தான் அப்போது சாலையின் வேகம்.

*

ஆர்.கே. நாராயண் யாதவகிரியில் வீடு கட்டிக்கொண்டு மைசூர்த் தெருக்களில் தினமும் நடந்தவர். வழியில் கடைக்காரர்களோடும் தெரிந்தவர்களோடும் நின்று நின்று பேசிக்கொண்டே. அந்த வீடு 2016-லிருந்து அருங்காட்சியகம்.

அவர் எழுதிய மால்குடியில் யாரும் சாலையைக் கடக்கப் பயந்து திரும்பிப் போனதாக நினைவில்லை.

*

மைசூரில் 1903-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது. அகலச் சாலை, மரம், ஓரத்தில் நடைபாதை.

அந்த அகலம்தான் இப்போது கடக்க வேண்டிய தூரம்.

*

பெங்களூர் நெடுஞ்சாலை. 118 கிலோமீட்டர், 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டருக்குப் பிரதான சாலையில் தடை. இரண்டு பக்கமும் வேலி. வயல் ஒரு பக்கம், வீடு மறு பக்கம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலியில் ஒரு கம்பி வளைந்திருந்தது. வளைவுக்குக் கீழே புல் இல்லை, மண் இறுகித் தடமாகியிருந்தது.

*

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் குழு அமைந்தது இதில்தான்.

2025 மே 14. அதே வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம்.

அதே ஆண்டு அக்டோபரில், 50 நகரங்களில் நடைபாதைகளையும் கடவைகளையும் தணிக்கை செய்யச் சொன்னது.

தணிக்கையில் எதை எழுதுவார்கள். கோடு இருக்கிறதா. கம்பம் இருக்கிறதா. விளக்கு எரிகிறதா.

கோடும் கம்பமும் இருக்கிற இடத்தில்தான் அந்தப் பெரியவர் திரும்பிப் போனார்.

*

கனடாவில் 1980-களிலேயே வான் ஹூட்டனும் லூயி மாலன்ஃபாந்தும் சாலையோரத்தில் பலகை வைத்தார்கள். போன வாரம் நடப்பவர்களுக்கு வழிவிட்ட ஓட்டுநர்கள் இத்தனை சதவீதம். இதுவரை அதிகபட்சம் இத்தனை.

அமெரிக்காவில் கெய்ன்ஸ்வில் நகரம். பலகை, போலீஸ் எச்சரிக்கை, வானொலி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆண்டு. தேர்ந்தெடுத்த கடவைகளில் 32 சதவீதம் 62 ஆயிற்று.

2018-ல் செயின்ட் பால் நகரில் நீலப் பலகைகள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்த இடங்களில் பாதிக்கு மேல் நிற்க ஆரம்பித்தார்கள்.

பலகையில் திட்டு இல்லை. அபராதத் தொகை இல்லை. ஊர் எப்படி ஓட்டுகிறது என்று ஊருக்கே சொன்னது.

மைசூரில் தூய்மை நகரத் தரவரிசை எண் எல்லாருக்கும் மனப்பாடம். டீக்கடையில் கேட்டாலும் எந்த ஆண்டு எத்தனையாவது இடம் என்று சொல்வார்கள். ஓர் எண்ணுக்காக இந்த ஊர் தெருவைக் கூட்டியிருக்கிறது.

*

இன்னும் பார்க்க வேண்டியவை:

கடவைக்குக் கடவை, நிறுத்தக் கோடு எத்தனை மீட்டர் பின்னால்.

மருத்துவமனை வாசல். கே.ஆர். ஆஸ்பத்திரிக்கு எதிரே, மாத்திரை வாங்கக் கடக்கிறவர்கள்.

நின்ற முதல் வண்டிக்குப் பின்னால் வந்தவர் என்ன செய்கிறார்.

நன்றி சொல்கிறவர்கள். தலையசைப்பு, கை, ஒன்றுமில்லை. நன்றி பெற்றவர் அடுத்த கடவையிலும் நிற்கிறாரா. எப்படிப் பின்தொடர்வது?

வார்டு அலுவலகத்தில் மனு. மார்க்கெட் கடவையைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்ட வேண்டும், நடைபாதை மட்டத்துக்கு. வண்டி ஏறி இறங்க வேண்டும், ஆள் அல்ல. மனுவோடு எண்ணும் தர வேண்டும்.

அந்த எண்ணில் மூன்று கட்டம். நின்றார். நிற்கவில்லை. கடக்க வந்தவர் திரும்பிப் போனார்.

மூன்றாவது கட்டத்தை எண்ண எதிர்ச்சாரியில் இன்னோர் ஆள் வேண்டும். பூக்கார அக்காவிடம் கேட்டேன். காலையில் யாவாரம், மத்தியானம் மூணு மணிக்கு மேல என்றால் பார்க்கிறேன் என்றார்.